முதிர்வயதில் எங்கே தங்குவது?



என் தாயார் கடந்த நவம்பர் மாதம் முதல் ஒரு முதியோர் இல்லத்தில் வாழ்ந்து வருகின்றார்கள். இது உங்களில் பலருக்குத் தெரியும். நலம் விசாரிக்கும்போது அந்தச் சொல்லை மட்டும் தவிர்த்து, "அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று தாழ்ந்த குரலில் கேட்கின்றீர்கள். வெளிப்படையாகக் கேட்டவர் ஒருவரும் உண்டு. நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாயை இல்லத்தில் வைத்துவிட்டு ஐந்தாம் கற்பனையை எப்படிப் பிரசங்கிப்பீர்கள் ஐயா என்றார். கேள்வி நியாயமானது. அதற்கு ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டு இரண்டு வாக்கியத்தில் விடை சொல்ல இயலாது. இதே பாரத்தோடு இவ்வாண்டில் மூன்று குடும்பங்கள் குருமனைக்கு வந்து என்னோடு ஜெபித்துச் சென்றிருப்பதாலும், இந்த வாரத் தியானத்தை இதற்கென்றே எழுதுகின்றேன்.

தாயையும் தகப்பனையும் கனம்பண்ண வேண்டும் என்ற கட்டளையை நாம் ஓய்வுநாள் பள்ளிச் சிறுவர்களுக்கே கற்பித்துப் பழகிவிட்டோம். சீனாய் மலையடியில் அதைக் கேட்டு நின்றவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். கூடாரத்தில் வயது சென்ற தகப்பனையும், நடக்க இயலாத தாயையும் வைத்திருந்தவர்கள். அது முதலாவது அவர்களுக்கான கட்டளை. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கர்த்தர் கொர்பான் வழக்கத்தைக் கடிந்துகொண்டதையும் நினைவுகூருங்கள். ஆலயத்துக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி, பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாமல் கையை மூடிக்கொண்டவர்களைப் பற்றிய பேச்சு அது. அவர்கள் பெற்றோருடன் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களாகவே இருந்திருக்கலாம். ஒரே வீட்டில் இருந்தபடியே கைவிடவும் முடியும் என்பதை இருபது ஆண்டு ஊழியத்தில் பல வீடுகளின் பின்கட்டில் கண்டிருக்கின்றேன்.

சிலுவையிலிருந்து கர்த்தர் தம் தாயை ஒப்படைத்த காட்சியும் எனக்கு இந்நாட்களில் புதிதாய்ப் பொருள்படுகின்றது. அவருடைய சகோதரர் என்று சுவிசேஷங்கள் குறிப்பிடுகிறவர்கள் இருந்தும், அந்தத் தாய் போய்த் தங்கியது ஒரு சீஷனுடைய வீட்டில். யோவான் அதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றார். நாசரேத்தூர் மக்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எங்கள் குடும்பத்து நிலையைச் சொல்கின்றேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. தொடக்கப் பள்ளி ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அப்பா இறைவனடி சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அக்கா சென்னையில், தம்பி மஸ்கட்டில், தங்கை கோயம்புத்தூரில். நானோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சேகரம் மாற்றப்படுகிறவன். குருமனை திருச்சபைக்குச் சொந்தம், ஓய்வு பெறும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அம்மா மட்டும் தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரில், அப்பா கட்டிய வீட்டில் தனியே இருந்தார்கள். அந்தத் தெருவில் முன்பு பன்னிரண்டு வீடுகளில் அடுப்பு எரிந்தது. இப்போது நான்கு வீடுகளில். மற்றவை அசனப் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் திறக்கப்படுகின்றவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தவர்கள் நாடு முழுவதும் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. எங்கள் தெருவில் நின்று எண்ணினால் அந்தக் கணக்கு மிகவும் குறைவாகவே தோன்றும்.

சென்ற ஆண்டு ஜனவரியில் அம்மா அதிகாலை நான்கு மணிக்கு, வழக்கம்போல் வேதம் வாசிக்க எழுந்தவர்கள், குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார்கள். பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை தரையிலேயே கிடந்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இடுப்பெலும்பு தப்பியது தேவகிருபை. அன்றே எங்கள் நால்வருக்குள் பேச்சு தொடங்கிற்று. கைப்பேசிக் குழுவில் ஆளுக்கொரு திட்டம். நால்வரும் அன்போடுதான் பேசினோம். ஆனால் அந்தக் குழுவில் அம்மா இல்லை.

முதலில் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டோம். சொந்த வீட்டிலேயே முதுமையைக் கழிப்பதைப் போன்ற நலம் வேறில்லை என்று இன்றும் நம்புகின்றேன். கூடுமானவர்கள் அதையே முதலில் முயல வேண்டும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, உட்கார்ந்து எழ வசதியான கழிப்பிடம், கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு: இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான். கடினமானது ஆள் கிடைப்பது. ஒரு நிறுவனத்தின் மூலம் ஐந்து மாதங்களில் மூன்று பெண்கள் வந்து போனார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை கூற மாட்டேன். தம் குழந்தைகளை வேறொருவர் வீட்டில் விட்டுவிட்டு, இருபத்துநான்கு மணி நேரமும் அந்நிய வீட்டில் இருக்க வந்தவர்கள் அவர்கள். கடைசியாக வந்த பெண் இரவெல்லாம் அழுததைக் கண்டு, அம்மாவே பேருந்துக்குப் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு ஆள் அமர்த்துகிறவர்கள் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: வருகிறவர் பயிற்சி பெற்ற செவிலியரா, துணைக்கு இருக்கும் பராமரிப்பாளரா? மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் எல்லாராலும் செய்யக்கூடிய வேலை அல்ல. அவருக்கு வார விடுமுறை என்று, அந்த நாளில் மாற்று யார் என்பதையும் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

பிறகு அக்கா சென்னைக்கு அழைத்துச் சென்றாள். அக்காவும் அத்தானும் அம்மாவைக் கண்ணின் மணிபோல் காத்தார்கள் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் அது மூன்றாம் மாடி. காலை எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போய்விட, மாலை ஏழு மணிவரை அம்மாவும் தொலைக்காட்சியும்தான். ஊரில் வாசலில் அமர்ந்தால் பத்துப் பேர் பேசிவிட்டுப் போவார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியவே இரண்டு மாதங்கள் ஆயின.

மாதம் ஒருவர் வீட்டில் என்று முறை வைக்கலாம் என்றான் தம்பி. இந்த முறை வைக்கும் வழக்கத்தை நான் மனதார எதிர்க்கின்றேன். பெட்டியோடு ஊர் ஊராய்ப் போகும் முதியவருக்கு மருத்துவரும் மாறுகின்றார், கட்டிலும் மாறுகின்றது, சபையும் மாறுகின்றது. அதைவிடக் கொடியது, தாய் ஒரு மகன் வீட்டிலும் தந்தை மற்றொரு மகன் வீட்டிலும் என்று பங்கு போடுவது. தேவன் இணைத்தவர்களை மனிதர் பிரிக்கக் கூடாது என்று திருமணத்தில் நாம் அறிக்கையிடுவது எண்பது வயதுத் தம்பதிகளுக்கும் பொருந்தும் அல்லவா?

தங்கை கோயம்புத்தூரில் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் இரண்டைப் பார்த்து வந்தாள். அந்நகரைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. வீட்டை விலைக்கு வாங்குவது ஒரு வகை. பெரிய வைப்புத்தொகை கட்டி வாழ்நாள் முழுதும் தங்குவது ஒரு வகை. மாத வாடகை ஒரு வகை. பொது உணவுக்கூடம், அழைப்பு மணி, மருத்துவ உதவி எல்லாம் உண்டு. அவற்றுக்கான மாதக் கட்டணம் தனி, அது ஆண்டுதோறும் உயரும். வசதியும் உடல்நலமும் உள்ள தம்பதிகளுக்கு நல்ல ஏற்பாடு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வைப்புத்தொகை எப்போது, யாருக்கு, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும் என்ற பகுதியை இருமுறை வாசியுங்கள். படுக்கையாகிவிட்டால் அங்கேயே பராமரிப்பார்களா என்றும் கேளுங்கள். அம்மா விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "மீன் உண்டா?" என்றார்கள். தங்கை பார்த்த இரண்டிலும் சைவச் சமையல் மட்டுமே. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் அம்மாதான் சொன்னார்கள்: "நாலு பேரும் எனக்காகப் பேசுறீங்க. என்னையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்கய்யா."

அழைத்துச் சென்றோம். முதலாவது இல்லம் பளிங்குத் தரையும் பெரிய கூடமுமாய் இருந்தது. மேலாளர் எங்களை அமரவைத்து, அம்மாவைத் தாண்டி அக்காவிடம், "பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்டார். "பாட்டிக்கு வாயும் இருக்கு" என்றார்கள் அம்மா. கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

இரண்டாவது, மாவட்டத் தலைநகரிலுள்ள எளிய இல்லம். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பொறுப்பாளர். அவர் ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டு அமர்ந்து, அம்மாவிடமே பேசினார். அம்மா கேட்ட கேள்விகளை நான் குறித்து வைத்திருக்கின்றேன். இரவு விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்? காலை நான்கு மணிக்கு எழுந்தால் வேதம் வாசிக்க வெளிச்சம் உண்டா? ஓய்வூதியப் பணத்தை என் கையிலேயே வைத்துக்கொள்ளலாமா? அறைக் கதவை உள்ளே தாழிட விடுவீர்களா? நான் விரும்பிய நாளில் ஊருக்குப் போய் வரலாமா? கடைசியாக, "நான் படுத்துட்டா அனுப்பிருவீங்களா?" நமது இல்லங்களில் பல, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக் கூடியவர்களை மட்டுமே சேர்க்கின்றன, படுக்கையானதும் பிள்ளைகளை அழைத்துக் கொண்டுபோகச் சொல்கின்றன. அந்தச் செவிலியர் மறைக்கவில்லை. படுத்தவர்களுக்கென்று நான்கு கட்டில்கள் உண்டு, இடம் இருந்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் முன்னதாகவே சொல்லிவிடுவோம் என்றார். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, விழுந்தால் உடைக்க வேண்டி வரும் என்றார். விடியுமுன் விளக்கு அறையில் வேண்டாம், உடன் இருப்பவர் உறங்குவார், உணவுக்கூடத்து விளக்கு எப்போதும் எரியும் என்றார்.

ஒரு மாதம் இருந்து பார்க்கின்றேன் என்றார்கள் அம்மா. ஊர் வீட்டை நான் உயிரோடு இருக்கும்வரை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, சாவி என் பெட்டியில்தான் இருக்கும் என்றும் சொன்னார்கள். மாதம் முடிந்த மறுநாள் தம்பியின் மனைவிக்குப் போன் செய்து, தம் மர அலமாரியைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

எல்லாம் சுகம் என்று எழுத மாட்டேன். தேநீர் கஷாயம்போல் இருக்கின்றதாம். மாலை ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு. இவ்வாண்டு தொடக்கத்தில் உடன் தங்கியிருந்த அம்மையார் உறக்கத்திலேயே இறந்துபோனார்கள். வெளிநாட்டிலிருந்த மகன் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. நான் போனபோது அம்மா அந்த வெறுங்கட்டிலைக் காட்டி, இங்கே ஒரு ஜெபம் பண்ணு என்றார்கள். ஜெபம் முடிந்ததும், "என்னை அப்பா பக்கத்திலதான் வைக்கணும், இங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்துரு" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். எந்தக் கல்லறைத் தோட்டம், எந்தச் சபைக் குருவானவர், யாருக்கு முதலில் செய்தி என்பதைப் பெற்றோரிடம் கேட்டு எழுதி வைப்பதை அமங்கலம் என்று எண்ணாதீர்கள். அவர்கள் இதை எப்போதோ யோசித்து முடித்திருப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

இங்கே சொத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா தாம் விரும்பிய இடத்தைத் தெரிந்துகொள்ள முடிந்ததற்கு இரண்டு காரணங்கள்: ஓய்வூதியம் அவர்கள் கையில் இருந்தது, வீடு அவர்கள் பெயரில் இருந்தது. இவ்விரண்டும் இல்லாத தாய்மார்களுக்குத் தெரிவு ஏது? முன்பு நான் பணிசெய்த சேகரம் ஒன்றில், கணவர் இறந்த ஆண்டிலேயே வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுத்த ஒரு விதவைத் தாயார், அதே வீட்டின் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் வாழ்ந்தார்கள். அந்த மகன் ஞாயிறுதோறும் முன் வரிசையில் அமர்பவர்.

இதற்கென்றே 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பிள்ளையில்லாதவர்கள், தம் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடம் கோரலாம். மணம் செய்யாமல் பள்ளிக்கே வாழ்வைக் கொடுத்த நம் ஆசிரியைகள் இதை அறிந்திருக்க வேண்டும். முதியவரைக் கைவிட்டுச் செல்வது மூன்று மாதம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 23-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கின்றது. ஆகவே எழுதிக்கொடுத்தே தீர வேண்டுமென்றால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அதைவிட, உயில் எழுதுவது நலம். அது கண்மூடிய பின்னரே நடைமுறைக்கு வரும், அதுவரை மாற்றவும் செய்யலாம். மகன்மீது நம்பிக்கை இல்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நல்ல மகனுக்கு அந்த வரி பாரமாய் இராது.

அரசின் உதவிகளில் சிலவற்றை நம்மில் பலர் பயன்படுத்துவதேயில்லை. 14567 என்பது முதியோருக்கான இலவச உதவி எண். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும்; படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு 2024 முதல் உண்டு. ஆதார் அட்டையோடு குருமனைக்கு வாருங்கள்; பதிவு செய்ய வாலிபர் சங்கப் பிள்ளைகள் உதவுவார்கள்.

பிரெஞ்சு நாட்டில், 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ழான் ஜுகான் என்னும் ஏழைப் பெண் பார்வையிழந்து, உடலின் ஒரு பகுதி செயலிழந்து, ஆதரவற்றுக் கிடந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தம் சொந்தக் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரண்மேல் படுத்துக்கொண்டார். ஏழைகளின் சிறு சகோதரிகள் என்னும் துறவியர் சபை அங்கிருந்து தோன்றியதுதான். 1882-இல் அவர்கள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். கையேந்திப் பெற்றே இன்றும் முதியோரைப் போஷிக்கின்றார்கள். முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கின்ற நாம், சில இல்லங்களின் தொடக்கம் ஒருவர் விட்டுக்கொடுத்த கட்டில் என்பதை அறிவதில்லை. ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் நிர்வாகச் சிக்கலும் விதவைகளின் அன்றாட உணவைப் பற்றியதுதான். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அதற்கு ஏழு பேரை நியமித்தார்கள்.

நம் சபைக்கு வருவோம். சென்ற மாதம் கோவில்பிள்ளையும் நானும், எழுபது வயதைக் கடந்து தனியே வாழ்கின்றவர்களின் பெயர்களை எழுதினோம். இரண்டு பக்கங்களைத் தாண்டிற்று. பகலில் மட்டும் தனித்திருப்பவர்கள் அதில் இல்லை. இடம் மாறி இல்லங்களிலோ பிள்ளைகள் வீட்டிலோ இருக்கும் நம் மூத்த அங்கத்தினர் சிலருடைய பெயரைச் சந்தா ஏட்டிலிருந்தே நீக்கியிருக்கின்றோம் என்பதையும் கண்டோம். அந்தப் பெயர்களை மீண்டும் எழுதிவிட்டோம். அவர்களுக்குச் சந்தா கிடையாது. மாதந்தோறும் திருவிருந்து கொண்டுசெல்லப்படும். முதல் சுற்று வருகிற மாதத்து முதல் வியாழக்கிழமை. வாகனம் உள்ளவர்கள் இருவர் வேண்டும்.

பழைய ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தைக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை, வீட்டில் தனியே இருக்கும் முதியோர் கூடியிருக்கும் இடமாக்கலாம் என்று சேகரக் கமிட்டியில் பேச்சு வந்திருக்கின்றது. மதிய உணவுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முன்வந்திருக்கின்றார்கள். முடிவெடுக்குமுன் அங்கே வந்து அமரப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனைக்குப் பின் அவர்கள் மட்டும் அந்தக் கட்டடத்துக்கு வருவார்களாக. பிள்ளைகள் வெளியே காத்திருக்கலாம். படியேற முடியாதவர்களுக்காகத் தெற்கு வாசலில் பலகை போட்டுச் சாய்தளம் அமைக்கச் சொல்லியிருக்கின்றேன்.